மூன்று சொட்டில் திரும்பி வந்த நாற்பது பெட்டி

உணவு ஆய்வகங்களைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. பிரியாணிக் கடைக்கு ஆயிரம் பேர் நட்சத்திரம் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, பத்து நாள் காத்திருந்து, ஒரே ஒரு தாளை வாங்கி வருகிற இடத்துக்கு 'நல்ல சேவை' என்று இரண்டு வார்த்தைதான் இருக்கும். அதையும் அங்கே வேலை பார்ப்பவரே போட்டிருப்பார். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்களுடையது கோவில்பட்டியில் ஒரு சின்ன கடலைமிட்டாய்ப் பட்டறை. மாமா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறோம். எங்கள் ஊர் மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தது, கூடவே வெளியூர்க் கேள்விகளும் வந்தன. ருசி எப்படி என்று கேட்ட காலம் போய், 'பெராக்சைடு எண் எவ்வளவு' என்று கேட்கிறார்கள். கடலையில் இருக்கிற எண்ணெய் காற ஆரம்பித்துவிட்டதா என்று காட்டுகிற எண் அது, ஏற ஏறக் கெட்டது.

இரண்டு ஆய்வகங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன், இரண்டுக்கும் பெயர் போடவில்லை. முதலாவதோடு எனக்கு இன்னும் கணக்குப் பாக்கி இருக்கிறது. ஒன்றின் பெயரைப் போட்டு மற்றதை விட்டால் எங்கள் வட்டாரத்தில் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் ஆய்வகம் பக்கத்து ஊர். நாலு வருஷமாக அங்கேதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டணம் குறைவு, பஸ்ஸில் போட்டால் மத்தியானம் போய்ச் சேரும், வரவேற்பில் இருக்கிற தம்பி மரியாதையாகப் பேசுவார். போன கார்த்திகையில் சென்னைக் கடைத்தொடர் ஒன்றுக்கு அனுப்பிய லோடுக்கு அங்கே கொடுத்த மாதிரியில் பெராக்சைடு எண் 15.0 என்று வந்தது. சென்னைக்காரர்கள் ஒப்பந்தத்தில் 10-க்கு மேல் போகக் கூடாது. நாற்பது பெட்டி அப்படியே திரும்பி வந்தது.

மாமா ஒரு பெட்டியைப் பிரித்து மிட்டாயை உடைத்து, கடலையை மட்டும் நோண்டி எடுத்து மென்று பார்த்தார். "இது காறலா? எவன் தாயி சொன்னான்?" நானும் மென்றேன். காறின கடலை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? மெல்லும்போது ஒன்றும் தெரியாது. விழுங்கினபிறகு தொண்டையில் ஒரு கமறல், பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. இதில் அதெல்லாம் இல்லை. வறுத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

நாக்கு சொல்கிறது என்று சென்னைக்கு எழுத முடியுமா? தெரிந்தவர் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு ஆய்வகத்தின் எண் கொடுத்தார். அதுதான் இந்த விமர்சனத்தின் நாயகன். நாயகி என்றும் சொல்லலாம், போனை எடுத்தது ஒரு இளம் பெண் கெமிஸ்ட்.

கட்டணம் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அக்கா, அவங்க எண்ணெயை எப்படி எடுத்தாங்கன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கா?"

தாளை எடுத்துப் பார்த்தேன். 'சோதனை முறை: ஐ.எஸ். 548' என்று இருந்தது, எண்ணெய்ச் சோதனைக்கான இந்தியத் தரநிலை. அதைச் சொன்னேன்.

"அது எண்ணெய் கையில வந்தப்புறம் என்ன செய்யணும்னு சொல்றது. கடலைக்குள்ள இருந்து எண்ணெய் எப்படி வெளிய வந்துச்சுன்னு அதுல இருக்காது. பழைய ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க."

நாலு தாள் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "நம்பரை வரிசையாப் பாருங்க அக்கா. 5.0, 10.0, 5.0, 15.0. அஞ்சாம் வாய்ப்பாடு மாதிரி இல்ல?"

நாலு வருஷமாக அந்தத் தாள்களைக் கோப்பில் குத்தி வைத்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அந்தப் பெண் சொன்ன கணக்கை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுகிற எல்லாருக்கும் இது தெரிய வேண்டும்.

எண்ணெய் காற்றைக் குடிக்கும்போது முதலில் உண்டாவது பெராக்சைடு. அதை அளக்க, எண்ணெயை அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த திரவத்தில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு விட்டு ஒரு நிமிஷம் இருட்டில் வைக்கிறார்கள். பெராக்சைடு இருக்கிற அளவுக்கு அயோடின் பிரியும். ஸ்டார்ச் போட்டால் நீலம். பிறகு தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைகிற இடத்தில் நிறுத்தி, எவ்வளவு விட்டோம் என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு என்பது சுமாராக 0.05 மில்லி. 5 கிராம் எண்ணெய் எடுத்து 0.01 நார்மல் கரைசலில் செய்தால் ஒரு சொட்டு என்பது பெராக்சைடு எண்ணில் 0.1. ஆனால் 1 கிராம் எண்ணெயை எடுத்து அதைவிடப் பத்து மடங்கு செறிவான 0.1 நார்மல் கரைசலில் செய்தால்? ஒரு சொட்டு 5 ஆகிவிடும். என் 15.0 என்பது மூன்று சொட்டு. கை ஒரு நிமிஷம் நிதானமாக இருந்திருந்தால் இரண்டு சொட்டில் நின்றிருக்கும், லோடு சென்னையிலேயே இருந்திருக்கும்.

சரி, எண்ணெய் ஏன் 1 கிராம்தான் இருந்தது? மறுநாள் முதல் ஆய்வகத்துக்கு நேரில் போனேன். சண்டைக்கில்லை, கேட்கத்தான் போனேன். உள்ளே இருந்தவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. கொழுப்புச் சதவீதம் பார்க்க ஏற்கெனவே எண்ணெய் எடுக்கிறார்கள், அதே குடுவையில் மிஞ்சுகிற அந்தக் கொஞ்ச எண்ணெயையே பெராக்சைடுக்கும் எடுத்துக்கொள்கிறார்களாம். "தனியா எடுத்தா உங்களுக்குத்தான்மா செலவு." எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருக்கிறார். மேஜையில் மிக்ஸியில் அரைத்த கடலைத்தூள் ஒரு பாலித்தீன் பையில் இருந்தது, மேலே முந்தாநாள் தேதி. அரைத்த கடலை அங்கேயே காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிடும் என்பது மாவு மில்லுக்குப் போகிற யாருக்கும் தெரியும்.

கொழுப்பு அளக்கிற சாதனத்துக்கு சாக்ஸ்லெட் என்று பெயர். 1879-ல் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் என்பவர் பாலில் உள்ள கொழுப்பை அளக்கச் செய்தது. கீழே குடுவையில் பெட்ரோலியம் ஈதரோ ஹெக்சேனோ கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, தாள் குழாயில் இருக்கிற தூள் மேல் சொட்டும். நிறைந்ததும் பக்கக் குழாய் வழியாகத் தானாக வடிந்து எண்ணெயோடு கீழே இறங்கும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் இப்படியே சுற்றும். கடைசித் துளி எண்ணெய்வரை எடுத்துவிடும், அதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது 'எவ்வளவு எண்ணெய்' என்று கேட்கப் பிறந்த சாதனம். முதல் நிமிஷத்தில் இறங்கிய எண்ணெய் கடைசி நிமிஷம்வரை அந்தச் சூட்டிலேயே கிடக்கும். அதோடும் விடுவதில்லை. எடை சரியாக நிற்பதற்காகக் குடுவையை 105 டிகிரி அடுப்பில் காய வைப்பார்கள். கொழுப்புச் சதவீதத்துக்கு இது சரியான வேலை. காறலைப் பார்க்க அந்த எண்ணெயை எடுப்பது, வெயிலில் நிற்க வைத்துவிட்டுக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான்.

கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு வருகிறேன். அவர்கள் மாதிரி வாங்கியவிதமே வேறு. கடலை முழுசாக இருக்க வேண்டும், உடைக்கக் கூடாது, வெளிச்சம் படாத உறையில் காற்றை உறிஞ்சிக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. அவ்வளவு எதற்கு என்று முணுமுணுத்தேன். காறல் எல்லாக் கடலையிலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு சொத்தைக் கடலை சின்ன மாதிரியில் விழுந்தால் முழு லோடையும் கெடுத்துக் காட்டும் என்றார்கள். மொத்தத்தையும் கொட்டிப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்து, மறுபடி அதை நாலாகப் பிரித்து என்று குறைத்துக்கொண்டே போவார்களாம். அரைப்பதற்கு முன்னால் கடலையை ஃப்ரீசரில் வைத்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுகிறார்கள். அரைத்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு வீம்பு வந்தது. வருகிற செலவு வரட்டும் என்று ஒரே கடலையை மூன்று வழியில் எண்ணெய் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்று, முதல் ஆய்வகம் செய்தது போலவே சாக்ஸ்லெட், அடுப்பு எல்லாம் வைத்து. இரண்டாவது குளிர் முறை: தூளைப் பெட்ரோலியம் ஈதரில் போட்டு அறைச் சூட்டிலேயே குலுக்கி, வடிகட்டி, காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து 35 டிகிரியில் ஈதரைப் பறக்கவிட்டு, கடைசியில் நைட்ரஜன் ஊதி எடுப்பது. மூன்றாவது கையால் இயக்குகிற ஹைட்ராலிக் அழுத்தி. நம்ம செக்கின் தம்பி, சூடும் இல்லை கரைப்பானும் இல்லை.

இந்த வாரம் வறுத்த கடலை ஒன்று. பட்டறை மூலையில் தகர டப்பாவில் ஐந்து மாதமாகக் கிடந்து, மூடியைத் திறந்தாலே மூக்கைச் சுளிக்க வைத்த கடலை ஒன்று. இரண்டையும் அனுப்பினேன்.

புதுக் கடலை: அழுத்தியில் 2.1, குளிர் முறையில் 2.6, சாக்ஸ்லெட்டில் 8.9.

இதை எதிர்பார்த்தேன். சூடும் காற்றும் சேர்ந்து இல்லாத பெராக்சைடைப் புதிதாக உண்டாக்கிவிட்டன. மாமாவிடம் காட்டினேன், வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார்.

காறின கடலைதான் தூக்கிவாரிப் போட்டது. அழுத்தியில் 31, குளிர் முறையில் 33. சாக்ஸ்லெட்டில் 19!

நம்பர் மாறிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக் கூப்பிட்டேன். இல்லையாம். பெராக்சைடு நிலையில்லாத சரக்கு. கொஞ்சமாக இருக்கிற எண்ணெயில் சூடு அதைக் கூட்டும், நிறைய இருக்கிற எண்ணெயில் உடைத்துவிடும். உடைந்தால் ஆல்டிஹைடு, அந்தக் கமறல் வாடையே அதுதான். அது பெராக்சைடு சோதனையில் சிக்காது. அதற்கு அனிசிடின் என்று வேறு சோதனை. அதையும் போட்டுப் பார்த்தார்கள்: குளிர் முறையில் எடுத்த எண்ணெயில் 14, சாக்ஸ்லெட் எண்ணெயில் 27. பெராக்சைடில் காணாமல் போனது இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஆக, சூட்டில் எடுக்கிறவர் நல்ல கடலையைக் கெட்டதாகவும் கெட்ட கடலையைக் கொஞ்சம் நல்லதாகவும் காட்டுகிறார். நாலு வருஷமாக எனக்கு 5.0 வந்தபோதெல்லாம் சந்தோஷப்பட்டேனே, அதில் எது நிஜம் என்று இப்போது யாரைக் கேட்பது?

தகராறு ஆன அதே மிட்டாய் குளிர் முறையில் 3.8.

மிட்டாய் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. வேறு சில இடங்களில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து எண்ணெய் எடுப்பார்கள், மற்றக் கரைப்பானில் வராத கொழுப்பும் அதில் வந்துவிடும். இந்தப் பெண் அதை வேண்டாம் என்றுவிட்டார். மெத்தனால் வெல்லத்தையும் பாகு கருகின நிறத்தையும் சேர்த்து இழுத்துவரும், எண்ணெய் என்று நிறுப்பதில் பாதி எண்ணெயாக இருக்காது. எண்ணெயில் பிரிந்து நிற்கிற அமிலத்தைக் காட்டும் அமில எண்ணைப் பார்க்கும்போது இளஞ்சிவப்பு தெரிகிற நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும், தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கிற எண்ணெயில் எங்கே பிடிப்பது? பெட்ரோலியம் ஈதர் வெல்லத்தைத் தொடாது. பெயரில் ஈதர் இருந்தாலும் அது ஈதர் இல்லையாம். நிஜ டைஎத்தில் ஈதரை வைத்து எடுத்தால், பழைய பாட்டிலாக இருக்கும் பட்சத்தில் அந்த ஈதருக்குள்ளேயே பெராக்சைடு ஊறியிருக்கும். கடலை ஒரு பாவமும் செய்யாமலே எண் ஏறும்.

அழுத்திதான் சுத்தமான வழி, பிறகு எதற்குக் கரைப்பான் என்று கேட்டேன். எண்ணெயில் பாதிகூட வருவதில்லை, மீதி புண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது. வருவதும் கலங்கலாக வரும், தெளிய வைக்க வேண்டும். வறுத்த கடலைக்குச் சரி, பாகோடு இருக்கிற மிட்டாயை அழுத்தினால் சாதனத்தைக் கழுவ அரை நாள். குளிர் முறைக்கும் குறை உண்டு. ஈதர் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தால் எண்ணெயோடு சேர்த்து அதையும் எடை போட்டுவிடுவோம், பத்தில் ஒரு பங்கு அப்படி இருந்தால் எண்ணும் பத்தில் ஒரு பங்கு இறங்கும். இதையெல்லாம் கேட்காமலே சொன்னார்கள். இந்த ஆய்வகத்துக்கு நான் மதிப்பெண் போடுவது முதலில் இதற்குத்தான்.

இப்போது மாமா பங்கு. ரிப்போர்ட் வந்த வீம்பில், நாக்கே போதும், எதற்கு ஆய்வகம் என்று வீட்டில் பேச்சு ஓடியது. நான் மூன்றாவதாக ஒரு மாதிரியும் அனுப்பியிருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. கடை முன்பக்கம் கண்ணாடி ஜாடியில், சாயங்கால வெயில் விழுகிற இடத்தில் ஆறு வாரம் இருந்த வறுகடலை. அதிலிருந்து ஒரு கை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். மென்றார், கண்ணை மூடினார். "நல்லாத்தான இருக்கு." எனக்கும் அப்படித்தான் பட்டது. குளிர் முறையில் அதன் எண் 11.6. பெராக்சைடுக்கு வாடையும் கிடையாது ருசியும் கிடையாது, உடைந்தபிறகுதான் மூக்குக்குத் தெரியும். ஜாடியை நகர்த்தாமல் வைத்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் கமறல். மாமா ஜாடியை ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்கு வைக்கப் போனார். மாடு தின்றுவிட்டது, அது வேறு விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது வேலை நாள் ஆயிற்று, ஐந்து என்று சொல்லியிருந்தார்கள். சனி ஞாயிறு போன் எடுப்பதில்லை. முதல் தடவை வந்த ரிப்போர்ட்டில் எங்கள் பட்டறைப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தி வாங்க மேலும் மூன்று நாள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. என் வீம்புக்கு ஆன செலவு அது, ஒரு லோடுக்குச் சாதாரணமாக இரண்டாயிரத்துக்குள் முடியும். எண்ணெயே எடுக்காமல், புட்டியில் அடைத்த கடலைக்கு மேலே நிற்கிற காற்றை உறிஞ்சி ஹெக்சனல் என்ற வாடைப் பொருளை அளக்கிற கருவி இவர்களிடம் இல்லை, பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அரைக் கிலோ மிட்டாய் அனுப்பினேன், சோதனைக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குக் கணக்கு வந்துவிட்டது. மிச்சம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

முக்கியமான குறை ஒன்று. இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள், முதல் ரிப்போர்ட்டில் எண்ணெய் எடுத்த வழியைத் தாங்களும் எழுதவில்லை. போனில் கேட்டதைத் தாளில் போட மறந்துவிட்டார்கள். நான் சொன்னபிறகு இப்போது போடுகிறார்கள்: 'குளிர் முறை, பெட்ரோலியம் ஈதர், 35 டிகிரி, 5 கிராம் எண்ணெய்'. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் எந்த ஆய்வகமானாலும் கேட்டு வாங்குங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தாலும் கேளுங்கள்.

பேச்சுவாக்கில் அந்தப் பெண் குஜராத்தில் இருக்கிற ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்களைப் பற்றிச் சொன்னார். ஒலிக் அமிலம் அதிகம், சீக்கிரம் காறாது. எங்கள் ஊர்க் கமிஷன் கடையில் கேட்டேன். "அக்கா, வர்ற கடலையை வாங்குங்க" என்றார்கள்.

சென்னைக்காரர்களிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். தர அதிகாரி பொறுமையாகப் படித்தார். அந்த 10 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரத்தில் 10 என்பது சுத்திகரித்த எண்ணெய்க்கு, சூடுபடுத்தாமல் பிழிந்த எண்ணெய்க்கு 15. இரண்டும் பாட்டிலில் இருக்கிற எண்ணெய்க்கு. கடலைக்குள் இருக்கிற எண்ணெய்க்கு யாரோ அதை இரவல் வாங்கி ஒப்பந்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எண்ணை மாற்ற முடியாது என்றார். சரி, 10-ஐ வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் எடுக்கிற வழியை எழுதிவிடுங்கள் என்றேன். அவர்கள் ஆய்வகமும் சாக்ஸ்லெட்தானாம். இரண்டு வாரம் இழுத்தார்கள். இப்போது வருகிற ஆர்டர் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது: இரு தரப்பும் குளிர் முறை.

திரும்பி வந்த நாற்பது பெட்டியில் முப்பத்தாறை இங்கேயே விற்றோம், கார்த்திகைக்கு மறுமாதம் ஐயப்பன் கோயில் போகிற கூட்டம் வாங்கிக்கொண்டது. மூன்று பெட்டி வேலை செய்கிற பெண்களுக்கு. ஒரு பெட்டியை அலமாரியின் இருட்டு மூலையில் வைத்திருக்கிறேன், மாதம் ஒரு தடவை நூறு கிராம் கோயம்புத்தூருக்குப் போகிறது. போன மாதம் 4.9. மாமா அந்தப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துண்டு எடுத்துவிடுகிறார், அதனால் கணக்கு எத்தனை மாதம் போகும் என்று தெரியவில்லை.